ஒரு நாள் சைக்கிளே நெஞ்சில் நிற்கிறது!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்கள் அணித் தோழர்களே, அவை நிறைந்திருக்கும் பெரியோர்களே, சைக்கிள் என்றதும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘உலகைச் சுற்றும்போது நெஞ்சை விட்டு நீங்காத சைக்கிள் பயணம் எது? மாதக்கணக்கில் ஓட்டும் நெடும்பயணமா, போன இடத்தில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஒரு நாளா?’ நான் அந்த ஒரு நாளுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அவையைக் கலங்கடித்துவிட்டுப் போயிருக்கிறார். 1923-ல் பம்பாயிலிருந்து 6 இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள், 1928-ல் அதை முடித்துத் திரும்பியவர்கள் ஆதி ஹக்கீம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்ற 3 பேர்தான் என்று அவர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நானும் கை தட்டினேன். அதற்கும் முன்னால், 1884-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ், முன்சக்கரம் நெஞ்சுயரத்துக்கு இருந்த அந்தக் காலத்து வண்டியில் ஏறி 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் போய் இறங்கியதைச் சொன்னார். 1962-ல் ஜெர்மனியிலிருந்து கிளம்பி 50 ஆண்டுகளுக்கு மேல் சைக்கிளிலேயே வாழ்ந்த ஹைன்ஸ் ஷ்டூக்கேவைச் சொன்னார். சொல்லிவிட்டு, ‘இவர்களுக்கு முன்னால் வாடகை வண்டியில் நாலு மணி நேரம் சுற்றியவர் எந்த மூலைக்கு?’ என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, எது பெரிய பயணம் என்று தலைப்பு கேட்கவில்லை. எதற்குத் துணிச்சல் வேண்டும் என்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நான் எழுந்தே வந்திருக்க மாட்டேன், அந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். எது நெஞ்சில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கண்ணை மூடினால் எந்த வளைவு வருகிறது, எந்த மரம் வருகிறது, எந்தக் காற்று முகத்தில் அடிக்கிறது என்பதுதான் கேள்வி. அதில் எனக்குச் சொல்ல இருக்கிறது. நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

டான்யூப் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பாஸ்ஸாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரைக்கும் ஏறக்குறைய 320 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. ஒரு காலத்தில் குதிரைகள் கரையில் நடந்தபடி படகுகளைக் கயிறு கட்டி இழுத்த தடம் அது. அதனால்தான் ஏற்றமே தெரியாது. அதை 7 நாளில் ஓட்டினேன். எதிரணியின் கணக்கில் அது குட்டிப் பயணம்தான், ஆனாலும் எனக்கு அதுதான் நெடும்பயணம். இன்றைக்கு அந்த 7 நாளில் மூன்றாம் நாளையும் நாலாம் நாளையும் பிரித்துச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. அப்போது எழுதிய குறிப்பேட்டைப் புரட்டினால் ‘62 கி.மீ., மழை, முழங்கால்’ என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ‘58 கி.மீ., மழை இல்லை’. என் கையெழுத்துதான், என் முழங்கால்தான். அந்த ஊர்கள் எங்கே போயின?

ஒன்றே ஒன்று அப்படியே நிற்கிறது. ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு மலையில் முட்டி, வந்த திசைக்கே திரும்புவது போல வளைகிறது. நான் ஓட்டி வந்த கரையில் பாதை அதோடு நின்றுபோகிறது, சைக்கிளோடு சின்னப் படகில் ஏறித்தான் தாண்ட வேண்டும். மழை வலுத்ததால் அன்றைக்கு அதற்கு மேல் போகவில்லை. மொத்தமே 18 கிலோமீட்டர். மத்தியானம் முழுக்க ஒரு கூரைக்கு அடியில் உட்கார்ந்து, அந்தப் படகு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நனைந்த சைக்கிள்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, படகோட்டி ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் கரையில் வைத்தார். மலைமேல் மேகம் காடு காடாக இறங்கி வந்தது. பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த மத்தியானத்தில் ஒரு துளிகூட அழியவில்லை. எங்கேயும் போய்ச் சேர வேண்டியிராத ஒரு நாள் என் நெடும்பயணத்துக்குள்ளே மாட்டிக்கொண்டிருந்தது, அதுதான் மிஞ்சியது.

ஏன் இப்படி ஆகிறது? நெடும்பயணத்தில் நாளை என்று ஒன்று எப்போதும் தோளில் உட்கார்ந்திருக்கிறது. இன்று 80 ஓட்டினால்தான் நாளை 70 போதும். அந்தக் குன்றுக்குப் பின்னால் ஒரு பழைய கோட்டை இருக்கிறதாம், ஆனால் 6 கிலோமீட்டர் விலகிப் போக வேண்டும், வேண்டாம், கால் தாங்காது. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு, பின் டயர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கிலேயே கண் ஓடுகிறது. 2017-ல் மார்க் போமான்ட் 78 நாள் 14 மணி 40 நிமிடத்தில் உலகைச் சுற்றினார். கிட்டத்தட்ட 29,000 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் சீட்டில். மனித உடம்பு இவ்வளவு செய்யுமா என்று நான் இன்னும் வியக்கிறேன். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார எங்கே நேரம்?

சரி, வாடகை சைக்கிளுக்கு வருவோம். என் நெஞ்சில் முதலில் நிற்பது கம்போடியாவின் அங்கோர். சியம் ரியப் நகரத்தில் விடியும் முன்பே ஒரு வண்டி எடுத்தேன். கியர் கிடையாது. முன்னால் கம்பிக் கூடை, அதில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் துண்டும். ஊரைத் தாண்டியதும் பெரிய மரங்கள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும் இருண்ட சாலை. என் டைனமோ விளக்கின் வெளிச்சம் மிதித்தால் கூடும், நிறுத்தினால் குறையும். பூச்சிகளின் இரைச்சல் காதை அடைத்தது. அப்புறம் திடீரென்று வெட்டவெளி. மரம் இல்லை, சுவர் இல்லை, விடியலின் சாம்பல் நிறத்தில் அகன்ற தண்ணீர். அங்கோர் வாட் கோயிலின் அகழி அது, 190 மீட்டர் அகலம். அதன் கரையோடு சைக்கிளில் போகும்போதுதான் அரசன் இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டில் எத்தனை பெரிய வேலையில் கை வைத்திருக்கிறான் என்று உடம்புக்குத் தெரிகிறது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், அகழி முடியவே இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் இதை ஓர் அளவாகத்தான் படித்திருப்பேன்.

அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் அங்கோர் தோம் என்ற பழைய மதில் நகரத்தின் தெற்கு வாசல். அகழியைக் கடக்கும் பாதையில் ஒரு பக்கம் 54 தேவர்கள், மறுபக்கம் 54 அசுரர்கள், கையில் பாம்பு. பாற்கடலைக் கடைகிறார்கள்! பேருந்துகளும் வேன்களும் அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தேவர்களின் முகத்தில் அமைதி, அசுரர்களின் புருவத்தில் நெரிப்பு. சிலருக்குத் தலை இல்லை. சிலருக்குப் பிற்காலத்தில் செய்து வைத்த தலை, கல்லின் நிறமே வேறாக இருக்கிறது. ஒருவர் மூக்கின் மேல் பச்சைப் பாசி.

அங்கோர் தோமின் மதில் பக்கத்துக்கு 3 கிலோமீட்டர், உயரம் 8 மீட்டர். வாசலுக்கு அருகே மதிலின் மேலே ஏறிவிட்டால் அதன் உச்சியில் மண்பாதை. ஒரு பக்கம் கீழே காடு, மறுபக்கம் கீழே அகழி. நடுவில் நானும் அந்தக் கியர் இல்லாத வண்டியும். மூலைக்கு மூலை ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. இரண்டாவது மூலைக்குப் போகும் வழியில் செயின் கழன்றுவிட்டது. கழன்றதோடு நிற்காமல் பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுகிக்கொண்டது. கை முழுக்கக் கறுப்பு, வியர்வை கண்ணில் இறங்குகிறது, ஆள் நடமாட்டம் இல்லை. 20 நிமிடம் போராடியிருப்பேன். பத்து வயது இருக்கும் ஒரு பையன், தன் உயரத்துக்குப் பொருந்தாத பெரிய சைக்கிளில் வந்து நின்றான். என்னை ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினான். ஒரு குச்சியை ஒடித்து, அதைச் செயினுக்கு அடியில் கொடுத்து நெம்பி, பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று. டக்கென்று உட்கார்ந்துவிட்டது. அந்தக் குச்சியை என் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டான், இன்னொரு தடவை கழன்றால் வேண்டுமே என்று! அன்று மாலை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு நல்ல வாதம் வைத்தார். நெடும்பயணத்தில் சொந்த சைக்கிள் நம் உடம்பில் ஓர் உறுப்பாகிவிடுகிறது, வாடகை வண்டி அந்நியம், அதில் எப்படி உறவு பிறக்கும் என்றார். நான் சொல்கிறேன், அந்த அந்நியம்தான் நம்மை விழிக்க வைக்கிறது. நமக்குப் பழகிய சைக்கிளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். பிரிட்டனிலும் ஜப்பானிலும் அதே வழக்கம். ஐரோப்பியக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் தலைகீழ், இடக்கை முன்சக்கரத்துக்கு. தெரியாமல் வேகத்தில் அழுத்தினால் ஹேண்டிலுக்கு மேலே பறக்க வேண்டியதுதான். நெதர்லாந்தில் நான் எடுத்த வண்டியில் கையில் பிரேக்கே இல்லை, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். முதல் கால் மணி நேரம் ஒவ்வொரு சந்திப்பிலும் என் விரல்கள் காற்றைப் பிடித்தன. நடக்கப் பழகும் குழந்தைக்கு வீடு எப்படித் தெரியுமோ அப்படி எனக்கு அந்த ஊர் தெரிந்தது. எந்தக் கல் எங்கே துருத்திக்கொண்டிருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. உறுப்பாகிவிட்ட ஒன்றை யார் கவனிக்கிறார்கள்?

நெதர்லாந்து என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கேயும் பெல்ஜியத்திலும் சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் ஓர் எண் உண்டு. 1990-களில் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர், நிலத்துக்கு அடியில் வழி தெரிவதற்காகச் சுரங்கக் கிளைகளுக்கு எண் போடும் முறையை நிலத்துக்கு மேலே சைக்கிள்காரர்களுக்குக் கொண்டுவந்தார். காலையில் வரைபடத்தைப் பார்த்து ‘14, 37, 22, 61’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். வழி கேட்க வேண்டாம், கைப்பேசியை நோண்ட வேண்டாம். 22-க்குப் போன பிறகு மனம் மாறினால் வேறு எண்ணைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போகலாம். எனக்கு இது உலகத்தின் மிக அன்பான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகப் படுகிறது. இருட்டில் உழைத்தவர்களின் உயிரைக் காத்த ஒரு முறை, வெயிலில் திரிபவர்களின் மகிழ்ச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது யாருக்காக? இன்று காலை கிளம்பி இன்று மாலை திரும்புகிறவருக்காக.

‘வலி இல்லாமல் நினைவு இல்லை’ என்றும் எதிரணியில் சொன்னார்கள். ஒரு நாளில் வலி கிடைக்காது என்று யார் சொன்னது? அதே நெதர்லாந்தில் கடலை மறித்து 1932-ல் கட்டி முடித்த அஃப்ஸ்லைடைக் அணை இருக்கிறது. 32 கிலோமீட்டர், ஏறக்குறைய நேர்கோடு. அதன் ஓரத்தில் சைக்கிள் பாதை. நான் போன அன்று எதிர்காற்று. நாம் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது என்று படித்திருக்கிறோம். காற்றே எதிரில் ஓடி வந்தால் நாம் மெதுவாகப் போனாலும் அதே கதிதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்ணுக்கு எதிரே தெரிந்த கரை பெரிதாகவே மாட்டேன் என்றது. ஒரு கடற்பறவை என் தலைக்குப் பக்கத்தில், சிறகை அசைக்காமல், என் வேகத்திலேயே பறந்து வந்தது. அதாவது கிட்டத்தட்ட நின்றுகொண்டிருந்தது. அந்த வலி முழுசாக இருக்கிறது என்னிடம், தொடக்கம் முதல் கடைசி வரைக்கும். இதே வலி 30 நாள் தொடர்ந்து வந்திருந்தால் அது வெறும் பருவநிலை ஆகியிருக்கும், ‘அந்த மாதம் காற்று அதிகம்’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

பனிமலையும் பள்ளத்தாக்கும் நெடும்பயணத்தில்தான் என்பார்கள். பொலிவியாவில் யுங்காஸ் சாலை இருக்கிறது. 1930-களில் பராகுவேயோடு நடந்த சாக்கோ போரில் சிறைப்பட்ட பராகுவேக்காரர்களை வைத்து வெட்டிய மலைப்பாதை. காலையில் லா கும்ப்ரே கணவாயில் 4,600 மீட்டர் உயரத்துக்கு மேலே நடுங்கிக்கொண்டு சீட்டில் ஏறுகிறவர்கள், மத்தியானத்துக்குப் பிறகு 1,200 மீட்டர் உயரத்தில் ஈரக் காட்டுக்குள் போய் இறங்குகிறார்கள். இறங்கி வருகிறவர் பள்ளத்தை ஒட்டிய இடப்பக்கமாகவே வர வேண்டும் என்பது அங்கே விதி. என் தோழி ஒருத்தி வழிகாட்டியோடு அதில் இறங்கியிருக்கிறாள். முதலில் கையுறையைக் கழற்றினேன், அப்புறம் மேல்சட்டையை, அப்புறம் அதற்கு உள்சட்டையை, ஒரே நாளில் மூன்று பருவங்களைக் கழற்றினேன் என்பாள். அங்கே உயிர் போனவர்களும் உண்டு. அதனால் எல்லோரும் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நார்வேயில் இதைவிடச் சாந்தமான ஒன்று இருக்கிறது. 1909-ல் திறந்த பெர்கன் ரயில்பாதைக்காகக் கூலியாட்கள் போட்ட பழைய தடம். 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்துக்குக் கார்ச் சாலையே கிடையாது. ரயிலில் போய் இறங்கி, கோடையிலும் பனி ஒட்டிக்கிடக்கும் அந்தத் தடத்தில் மிதித்தால் ஒரே நாளில் ஃபிளோம் என்ற ஊரில் கடல் மட்டத்துக்கு வந்துவிடலாம்.

நடுவர் அவர்களே, இனி ஜப்பான். இதற்கு நீங்கள் கூடுதலாக ஒரு நிமிடம் தர வேண்டும்.

ஒனொமிச்சியிலிருந்து இமபாரி வரை, கடலுக்கு நடுவே 6 தீவுகளைப் பாலங்களால் கோத்து ஒரு வழி. பெயர் ஷிமனாமி கைடோ. 1999-ல் முழுவதும் திறந்தது. சைக்கிளுக்கு 70 கிலோமீட்டர். ஒரு முனையில் வண்டியை எடுத்து மறுமுனையில் விட்டுவிட்டுப் போகலாம். முதல் தீவுக்குச் சில நிமிடப் படகு. இறங்கியதும் சாலையின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு. அவ்வளவுதான், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் 70 கிலோமீட்டரும் அது நம்மைக் கைவிடாது. பாலம் உயரத்தில் இருக்கிறது, நாம் தரையில். எப்படி ஏறுவது? சைக்கிளுக்கென்றே மலையைச் சுற்றித் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள், 100 மீட்டர் போனால் 3 மீட்டர்தான் ஏறும். மூச்சு வாங்காது. இதைப் போட்டவர்கள் சைக்கிள்காரரின் முழங்காலை நினைத்துப் போட்டிருக்கிறார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது அதை நினைத்து எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே. எந்த ஊரில் பாலம் கட்டுகிறவர்கள் நம் முழங்காலை நினைக்கிறார்கள்?

இன்னோஷிமா பாலத்தில் கார்கள் மேலே போக, சைக்கிள்கள் அதற்கு அடியில் ஒரு கூண்டுப் பாதையில் போகின்றன. தலைக்கு மேல் வண்டிகளின் உறுமல், காலுக்குக் கீழே கம்பிகளின் இடுக்கில் பச்சைக் கடல். இகுச்சி தீவில் எலுமிச்சைத் தோட்டங்கள் சாலை வரைக்கும் இறங்கி வந்திருந்தன, காற்றே புளித்தது. அதற்கு அப்புறம் டடாரா பாலம். கோபுரங்களுக்கு நடுவே 890 மீட்டர். கம்பி வடங்களில் தாங்கும் அந்த வகைப் பாலங்களில் கட்டிய காலத்தில் உலகிலேயே நீளமானது. அதன் கோபுரத்துக்கு அடியில் நின்று கை தட்டினால் ஓசை இரண்டு தூண்களுக்கு இடையே மாறி மாறி மோதிக்கொண்டு மேலே மேலே ஏறிப் போகிறது. ‘அழும் டிராகன்’ என்று அதற்குப் பெயர். எனக்கு முன்னால் வயதான ஒரு தம்பதி. அவர் தட்டினார், அந்த அம்மா காதைத் தூணில் வைத்துக் கேட்டார். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் தூணைக் காட்டி ‘வா’ என்பது போலத் தலையசைத்தார்கள். நான் தட்ட, அவர்கள் இருவரும் காது வைத்துக் கேட்டார்கள். ஒரு சொல் பேசவில்லை நாங்கள். அரை மணி நேரம் அங்கே போய்விட்டது.

கடைசி குருஷிமா பாலம் மட்டும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அதன் கீழே இருக்கும் நீரிணையில் கடலோட்டம் சுழித்துக்கொண்டு ஓடும். சூரியன் இறங்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். நெடும்பயணம் என்றால் இரவுக்கு எங்கே தங்குவது என்று கவலைப்பட்டிருப்பேன். கவலைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, சுழல்கள் செம்பு நிறமாகி, ஈய நிறமாகி, இருட்டோடு போகும் வரைக்கும் நின்றேன்.

இன்னும் எத்தனையோ. அமெரிக்காவில் ஹ்யூரன் ஏரிக்குள் இருக்கும் மேக்கினாக் தீவில் 1898 முதல் மோட்டார் வண்டிக்குத் தடை, கரையோடு 13 கிலோமீட்டர் ஒரு சுற்று, குளம்பொலியும் சைக்கிள் மணியும்தான் சத்தம். பெர்லினில் 2008-ல் மூடிய டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தை 2010-ல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள், 1948-ல் முற்றுகையில் இருந்த ஊருக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுவந்த விமானங்கள் இறங்கிய ஓடுபாதையில் இப்போது யார் வேண்டுமானாலும் சைக்கிளில் பறக்கலாம். கொலம்பியாவின் பொகோட்டாவில் ஞாயிறுதோறும் 120 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளைக் கார்களிடமிருந்து வாங்கி மக்களுக்குக் கொடுக்கிறார்கள்.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் டெர்வ்லா மர்ஃபியை அழைத்து வந்தார். 1963-ல் கடும் பனியில் அயர்லாந்துக்காரப் பெண்மணி ஒருவர் தனியாக இந்தியாவுக்கு சைக்கிளில் கிளம்பினாரே, அதற்கு என்ன பதில் என்றார். ஐயா, அந்தக் கதையின் தொடக்கத்தையும் சொல்லியிருக்கலாம். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தன. சில நாள் கழித்துத் தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் மிதித்து ஏறும்போது, தன் கால்களைப் பார்த்துக்கொண்டே, இப்படியே மிதித்துக்கொண்டு போனால் இந்தியாவுக்குப் போய்விடலாமே என்று நினைத்திருக்கிறார். கிளம்பியபோது வயது 31. இடையில் 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் நெஞ்சில் நின்றது எது? அந்த ஒரு மேடு. அந்த ஒரு நாள்.

கடைசியாக ஒன்று. என் அம்மாவைப் பற்றி.

அம்மா வாழ்க்கையில் சைக்கிள் ஓட்டியதில்லை. சின்ன வயதில் விடவில்லை, பிறகு நேரமில்லை, பிறகு முழங்கால். 64 வயதில் என்னோடு சீனாவின் ஷியானுக்கு வந்தார். அந்த ஊரைச் சுற்றி மிங் அரசர்கள் கட்டிய மதில், 12 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு 13.7 கிலோமீட்டர். மேலே இரண்டு பேருந்துகள் பக்கம் பக்கமாகப் போகும் அளவுக்கு அகலம். அங்கே இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. இத்தனை மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு கெடு. அம்மா அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தார். ‘விழ மாட்டேனே?’ என்றார். ஏறிவிட்டார்.

பழைய செங்கல் தளம், தடதடவென்று ஆட்டும். முதல் மூலை வரைக்கும் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மூலைக்குப் பிறகு சட்டையை விட்டுவிட்டார். வண்டி திடீரென்று இலேசானது. திரும்பப் பார்த்தேன். ‘திரும்பாதே, முன்னால் பார், நான்தான் மிதிக்கிறேன்’ என்றார். மதிலுக்கு உள்ளே ஓட்டுக் கூரைகள், வெளியே கண்ணாடிக் கட்டடங்கள், வரிசையாகச் சிவப்பு விளக்குக் கூண்டுகள். பின்னால் அவர் மூச்சு வாங்குவதும் சிரிப்பதும் மாறி மாறிக் கேட்டது. கெடு முடிய 10 நிமிடம் இருக்கும்போது தெற்கு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். இறங்கியவர் சீட்டைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல.

அதற்குப் பிறகு யார் எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் அம்மா இடையில் புகுந்து ஒன்றைக் கேட்பார். ‘அந்தப் பதினாலு கிலோமீட்டரில் பாதி என்னுடையதுதானே?’ நான் ஆமாம் என்பேன். இப்போது அவரால் படியேற முடியவில்லை. நேற்று இந்த மேடைக்கு வருவதைச் சொன்னபோதும் அதையேதான் கேட்டார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த ஏழு கிலோமீட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.